அவள் முகத்துக்குக் கீழே என் பெயர்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருப்பவர், நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்னாம்மா, டிவியில வேலைன்றீங்க, ஒரு நாளு கூட காணமே?"

"நான் பின்னாடி இருக்கேண்ணே."

"பின்னாடின்னா?"

விளக்க ஆரம்பிப்பதற்குள் யாராவது சீட்டை நீட்டுவார்கள், அவர் மாத்திரை எடுக்கப் போய்விடுவார். அவருக்குச் சொல்லி முடிக்காததை இங்கே முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் வேலை செய்வது ஒரு தேசியச் செய்தித் தொலைக்காட்சியில். தலைமையகம் டெல்லியில். அங்கே செய்திப் பிரிவு இரண்டு பாதியாக இருக்கிறது. ஒரு பாதிக்கு இன்புட் என்று பெயர். எங்கே என்ன நடக்கிறது, யாரை அனுப்புவது, கேமரா எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் அவர்கள் பாடு. இன்னொரு பாதி அவுட்புட். வந்து சேர்ந்ததில் எது திரைக்குப் போகும், எதற்குப் பின்னால் எது வரும் என்பது அவர்கள் கையில். உயிரைக் கொடுத்து அனுப்பியதைப் போடவில்லை என்று அவுட்புட் மேல் இன்புட்டுக்குத் தீராத வருத்தம். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று இன்புட் மேல் அவுட்புட்டுக்குத் தீராத சலிப்பு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிராஃபிக்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். திரையின் அடியில் பேசுபவரின் பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் ஒரு பட்டையில் வருமே, அதைப் போடுவது அவர்கள்தான். நாங்கள் அதை ஆஸ்டன் என்போம். பக்கத்து அறையில் கன்ட்ரோல் ரூம். அங்கே இருப்பவர்கள் பட்டனை அழுத்துவார்கள், எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். மாநிலத்துக்கு ஒரு பியூரோ. பியூரோ இன்புட்டுக்குக் கட்டுப்பட்டது.

சென்னை பியூரோவில் நான் லைன் பார்க்கிறேன். களத்தில் எடுக்கும் படம் உடையாமல், உறையாமல் டெல்லி போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. படம் ஒழுங்காகப் போனால் என்னை யாருக்கும் நினைவு வராது. போகாவிட்டால் எல்லோருக்கும் வரும்.

எதையும் வகை பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். சேர்ந்த புதிதிலேயே செய்திப் பிரிவை நான் என் மனசுக்குள் மூன்றாகப் பிரித்துவிட்டேன். முகம் தெரிகிறவர்கள். முகம் தெரியாமல் பெயர் மட்டும் தெரிகிறவர்கள். நிருபர் முடிக்கும்போது கேமராக்காரர் பெயரைச் சொல்வாரே, அந்த மாதிரி. மூன்றாவது, இரண்டும் தெரியாதவர்கள். நான் மூன்றாவது. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவள் பியூரோவுக்கு வரும்வரை இருக்கவில்லை.

அவள் எங்கள் தெரு. பள்ளியில் என் வகுப்பு. சாயங்காலம் இந்தி டியூஷனிலும் என் பக்கத்துப் பாய். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், அவள் இதழியல் படித்தாள். எங்கள் பியூரோவில் ஒப்பந்த நிருபராக அவள் வந்து சேர்ந்தபோது இரண்டு வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள். "ஒருத்திக்கு ஒருத்தி தொணையாச்சு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பொறாமையையும் நான் வரிசைப்படுத்தித்தான் வைத்திருந்தேன். வரிசைப்படுத்தினால் பாரம் குறையும் என்று நினைப்பவள் நான். முதலில் இந்தி. டியூஷனில் எல்லாப் பரீட்சையிலும் நான்தான் முன்னால், அவள் தட்டுத் தடுமாறித்தான் பாஸ். ஆனால் இன்றைக்கு அவள் டெல்லிக்காரர்களிடம் இந்தியில் சண்டையே போடுவாள். நான் வாக்கியத்தை மனதில் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அடுத்தது வெயில். எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் அவள் முகத்தில் எண்ணெய் வடியாது. மூன்றாவது என் அம்மா. அதைப் பிறகு சொல்கிறேன். நான்காவது என்று ஒன்று வைத்திருந்தேன், அது அடிக்கடி மாறும். வரிசை நீண்டதே தவிர பாரம் குறையவில்லை.

ஆனால் அவளுக்கும் நெருக்கடி இருந்தது. ஒப்பந்தம் முடியும் நேரம். டெல்லி அவளை நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். நேரலை எல்லாம் பியூரோவின் மூத்த நிருபருக்கே போய்க்கொண்டிருந்ததால் டெல்லியில் அவள் முகம் யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு லைவ்வு குடுத்தா போதும்டீ," என்பாள் கேன்டீனில். "அவுட்புட் தலைவன் ஒரு தடவ என்னப் பாத்தான்னா போட்டுடுவான். இல்லன்னா வூட்ல நல்லூர் மாப்ளயப் பேசி வச்சிருக்காங்க."

"என்ன பண்றாரு?"

"டிராக்டர் ஷோரூம்."

"வண்டிக்குக் கஷ்டமில்ல."

"நீ கட்டிக்க."

தீபாவளிக்கு முன்னால் அந்த ஒரே ஒரு லைவ் வந்தது. பல ஊர்களில் விளக்கு செய்யும் இடங்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நேரலை போவது என்று அவுட்புட் தீர்மானித்தது. தமிழ்நாட்டிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் விளக்கு. மூத்த நிருபர் போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அவர் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டார்.

பியூரோ தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் சொந்த ஊருதானே? போய் முடிச்சிட்டு வீட்ல சாப்டுட்டு வாங்க."

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எந்த யூனிட்டில் எடுப்பது என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "இவங்க அப்பா யூனிட் சார். அங்கிள் சூப்பரா பேசுவாரு."

என் அப்பா சூப்பராகப் பேசுவார் என்பது எனக்குத் தெரியாத செய்தி. அவர் அங்கே சூளை மேற்பார்வையாளர். வருஷம் முழுக்க பியூஸ் கட்டை செய்கிற யூனிட். தீபாவளி, கார்த்திகைக்கு முன்னால் மட்டும் விளக்கு ஓடும். வீட்டில் அவர் பேசுவது குழம்பில் உப்பு பற்றியும் பஸ் நேரம் பற்றியும்தான்.

நாங்கள் போய் இறங்கியதும் அவர் சட்டையில் இருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். அவளைத்தான் முதலில் பார்த்தார்.

"வா பாப்பா. எங்க நிக்கணும்? இங்கயா? லைட்டு போதுமா?"

அவள் கேட்கக் கேட்க, களிமண் எங்கிருந்து வருகிறது, சூளை எப்போது ஏறும், எந்த விளக்கு விரியும், விரிந்ததை என்ன செய்வோம் என்று அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சூளையின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே எரிவதைப் பார்க்கச் சொல்லி அவள் கையில் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார். சின்ன வயதில் நான் எத்தனையோ முறை கேட்டு, "கண்ணு கெட்டுடும், போ" என்று துரத்தப்பட்ட ஓட்டை அது. அப்போது நான் குனிந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துப் போடு, ஆளுங்க கால்ல மாட்டிக்கப் போவுது," என்றார் என்னிடம்.

இனி என் பக்கத்து வேலை. இப்போதெல்லாம் பெரிய வண்டி வருவதில்லை. ஒரு முதுகுப் பைக்குள் பல சிம் கார்டுகள் இருக்கும். படத்தைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு சிம் வழியாகவும் அனுப்பும், டெல்லியில் மறுபடி ஒன்று சேர்க்கும். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். விளக்கு அடுக்கியிருந்த பலகைகளுக்கு நடுவே நடந்து பார்த்து, கடைசியில் வாசல் கேட் தூணில் பையை உயரமாகக் கட்டினேன். வாட்ச்மேன் தன் துண்டைக் கொடுத்தார். படம் கண்ணாடி மாதிரி போயிற்று.

அதற்கு முன்பே, காலையில், லைன் புக்கிங் செய்திருந்தேன். எந்த நேரலைக்கும் முன்னால் கம்ப்யூட்டரில் ஊர், நேரம், பியூரோ, பெயர் என்று நிரப்பி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். பெயர் என்ற கட்டத்தில் லைன் பார்ப்பவர் பெயர். படம் போகாவிட்டால் யாருக்கு போன் செய்து கத்துவது என்று டெல்லிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. எப்போதும் போல என் பெயரைப் போட்டேன்.

தொடங்கப் போகும் நேரத்தில் அம்மா போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"எங்கம்மா இருக்க?"

"உன் சிநேகிதி வூட்லதான். தெருவே வந்துருக்குது. பெரிய டிவியில்ல. நான் போண்டாக்கு மாவு கரைச்சுக் குடுத்துட்டு உக்காந்துருக்கேன்."

"நம்ம வூட்ல டிவி இல்லையா?"

"நம்ம வூட்டு டிவில நீ வர மாட்டியேடீ," என்றாள் அம்மா. குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

இதுதான் என் வரிசையில் மூன்றாவது.

ஹெட்போனில் டெல்லி, தயாராக இருக்கச் சொன்னது. முந்தைய ஊர் முடிந்தது. எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தை ஜன்னல் என்போம், அது திறந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். நான் கேட் தூணருகே உட்கார்ந்து, டெல்லியிலிருந்து திரும்பி வரும் படத்தை டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நேரில் ஒருத்தி, கையில் சில நொடி பிந்தி அதே ஒருத்தி. இந்தியில் ஆண்பால் பெண்பாலை இரண்டு இடத்தில் மாற்றிப் பேசினாள். உலகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விளக்கை எடுத்து விரலால் சுண்டி, "இந்த ஓசை வந்தால் நல்லது" என்றாள். அப்பா சிரித்தார். அப்பா தேசிய அளவில் சிரித்தார். நன்றாகச் செய்தாள். எவ்வளவு நன்றாக என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரிந்தது. அது தெரிவதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அப்போது திரையின் அடியில் பட்டை ஏறியது. விருத்தாசலம் என்று ஊர். அதற்கு மேலே, அவள் முகத்துக்குக் கீழே, என் பெயர்.

என் வாய் தானாகத் திறந்தது. "ஆஸ்டன் தப்பு, பெயர் தப்பு, எடுங்க" என்று கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். அவுட்புட்டைக் கேளுங்கள் என்றார்கள். அவுட்புட்டுக்கு போன் செய்தேன். கிராஃபிக்ஸிடம் சொல்லுங்கள் என்றார்கள். கிராஃபிக்ஸில் எடுத்த பையன் மரியாதையாக, திருத்தம் என்றால் இன்புட்டிலிருந்து மெயில் வர வேண்டும் என்றான். இன்புட் என்றால் எங்களுக்கு பியூரோ தலைவர். அவர் போனை எடுக்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஜன்னல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

எப்படி நடந்தது என்று பிறகு விசாரித்தேன். வழக்கமாக கிராஃபிக்ஸ், நிருபர் பெயரை இன்புட்டின் திட்டத் தாளிலிருந்து எடுக்கும். அன்றைய தாளில் இன்னமும் மூத்த நிருபர் பெயர்தான் இருந்தது. ஆள் மாறிவிட்டதும், வருவது ஒரு பெண் என்பதும் கிராஃபிக்ஸுக்குத் தெரிந்திருந்தது. பழைய பெயரைப் போட்டுத் தப்பு செய்துவிடக் கூடாதே என்று, இருப்பதில் புதிய பதிவு எது என்று தேடி, லைன் புக்கிங்கைத் திறந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் பெயர் இருந்தது. அக்கறையால் வந்த தப்பு. எங்கள் தொழிலில் பெரும்பாலானவை அப்படித்தான் வரும்.

பல நாள் என்னை உறுத்தியது வேறு விஷயம். ஏன் அவ்வளவு சீக்கிரம் போனைத் தூக்கினேன்? தப்பைத் திருத்த ஓடிய அவசரத்தில் என் பெயரை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

அவள் காதிலிருந்து இயர்பீஸைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முகம் பூராவும் சிரிப்பு.

"எப்புடிடீ இருந்துது?"

"நல்லா இருந்துது. ஆனா பேரு என்னுது வந்துடுச்சு."

"போடீ."

"நெஜமா."

அவள் போன் அடித்தது. அவளுடைய அம்மா. ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

"யாரு பேரடீ போட்டுருக்கானுங்க? ஊரே கூடி உக்காந்து பாத்தா, அவ பேரு வருது! ஒயர் புடிக்கிறவ பேரு எப்புடி அங்க வரும்? அவங்கம்மா இங்கதான் உக்காந்து போண்டா தின்னுகிட்டு சிரிக்குது!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தூணில் கட்டிய துண்டை அவிழ்க்கப் போய்விட்டேன்.

அப்பா பின்னாலேயே வந்தார். "மேனேஜர் வூட்ல பாத்தாங்களாம். உம் பேரு வந்துதாமே?"

"தப்பா போட்டுட்டாங்கப்பா."

"இருக்கட்டும். நான் நிக்கிறேன், கீழ உம் பேரு. நல்லாத்தான் இருந்துருக்கும்." அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் என் பரீட்சை முடிவு எதற்கும் பார்த்ததில்லை. அது எனக்கு உரியதல்ல என்று இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னை திரும்பும் வழியில் கார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது. பிறகு அவள்தான் கேட்டாள்.

"புக்கிங் நீதான பண்ண?"

"ஆமா."

"உம் பேரப் போட்ட."

"அது அவன் எனக்குப் போன் பண்றதுக்கு."

"எனக்குத் தெரியும்டீ. எங்கம்மாவுக்கு யாரு சொல்றது?" கொஞ்சம் கழித்து, "டெல்லிக்கு யாரு சொல்றது?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை அவுட்புட் தலைவரிடமிருந்து எல்லா பியூரோக்களுக்கும் ஒரு மெயில் வந்தது. நேற்றைய வரிசையில் விருத்தாசலம்தான் சிறந்தது, அந்தப் பெண் இயல்பாகப் பேசினாள், இனி நிறையப் பயன்படுத்துங்கள் என்று. அந்தப் பெண் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

பியூரோ தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "வாழ்த்துகள் மேடம். நேத்து பிரமாதமா பேசினீங்களாம்." சிரித்துவிட்டு உட்கார்ந்தார். "இந்த வாரம் அந்தப் பொண்ணு ஃபைல் டெல்லியில டேபிள்ல இருக்கு. யாருன்னே தெரியாம திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்களே திருத்தி ஒரு மெயில் போட்டுடுங்க. நான் போட்டா, ஒப்பந்தப் பொண்ணுக்கு சிபாரிசு பண்றேன்னு நெனப்பாங்க. சம்பந்தப்பட்ட பேர்க்காரங்க சொன்னாதான் நம்புவாங்க."

நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். திரையில் அந்த மெயில் திறந்திருந்தது. இந்த முறை என் பெயரைச் சாவகாசமாகப் பார்த்தேன். அவள் இரண்டு டீயோடு வந்து ஒன்றை என் பக்கம் வைத்தாள். உட்காரவில்லை.

"எழுதிட்டியா?"

"எழுதுறேன்."

"எழுதலன்னா நல்லூர்தான்."

"டிராக்டர் நல்லா ஓடுற வியாபாரம்தானே."

"நாயே," என்றாள். சிரித்தாள். ஆனால் டீயை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் என் வரிசையில் ஒன்று குறைந்திருக்கும். அதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

எனக்கு எழுத வருவது வரிசையாகத்தான். திரையில் தோன்றியவர் இன்னார், அவர் பெயரைத் தெளிவாகப் போட்டேன். கேள்விகளும் பேச்சும் அவருடையவை. தோன்றிய பெயர் லைன் புக்கிங்கிலிருந்து தவறுதலாக எடுக்கப்பட்டது. இனி இப்படி நடக்காமலிருக்க புக்கிங்கில் திரையில் வர வேண்டிய பெயருக்குத் தனிக் கட்டம் தேவை. இதோடு முடித்திருக்கலாம். கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: நேரலை முழுவதும் படம் ஒருமுறைகூட உடையவில்லை, அந்த லைன் என்னுடையது. சேர்த்துவிட்டு உடனே அனுப்பினேன். யோசித்தால் அழித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மதியத்துக்குள் பதில் வந்தது. தவறுக்கு வருந்துகிறோம் என்று அவளுக்கு. கட்டம் நல்ல யோசனை என்று எனக்கு. உடையாத படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் அவளை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. பியூரோவுக்கு லட்டு வாங்கினாள். எனக்குத் தனியாக ஒரு பெட்டி. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அம்மா அன்றைக்கு அந்தப் பெரிய டிவியைப் போனில் படம் எடுத்திருந்தாள். அதில் நேரலையில் பேசியவள் முகத்தில் பாதி ஃப்ளாஷ் வெளிச்சத்தில் போய்விட்டது. பின்னால் அப்பா சிரிக்கிறார். கீழே என் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அதை அம்மா ஸ்டேட்டஸில் வைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் பேச்சில்லை. மருந்துக் கடைக்காரர் மட்டும், "பாத்தேம்மா உங்கள! டிவில மூஞ்சி கொஞ்சம் வேற மாதிரி தெரியுது" என்றார். நான் மறுக்கவில்லை. சீட்டை நீட்டினேன்.

நான் கேட்ட கட்டம் வந்துவிட்டது. திரையில் வர வேண்டிய பெயர் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். நிரப்பாமல் புக்கிங் நகராது. நிரப்ப வேண்டியவர் லைன் பார்ப்பவர். இப்போது அவளுக்கு வாரத்தில் பல நாள் நேரலை. ஒவ்வொரு முறையும் அவள் பெயரை அடிப்பது நான்தான்.

போன வாரம் கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களைப் பற்றி நேரலை. காதில் இயர்பீஸை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"பேரு போட்டியாடீ?"

"போட்டுட்டேன்."

"யாரு பேரு?"

"நல்லூர் மாப்ள பேரு."

கேமராமேன் சிரித்துவிட்டார். டெல்லி கூப்பிட்டது. ஜன்னல் திறந்தது, அவள் முகம் வந்தது, பட்டை ஏறியது, அடித்தபடியே அவள் பெயர் வந்தது. படம் உடையவில்லை.

முடிந்ததும் அம்மா போன் செய்தாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்க்கிறாள்.

"பேரு சரியா வந்துதுடீ. பக்கத்து வூட்டுக்காரங்க இருந்தாங்க, காமிச்சேன். அந்த எழுத்தப் போட்டது எம் பொண்ணுதான்னு சொன்னேன்."

அது எனக்குப் போதுமா என்றால், போதாது.